சார்ஜருக்குள் ஒரு ஜோடிப் பொருத்தம்



சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர். கூலிமில் இன்பினியன் நிறுவனம் 2006 முதல் மின்திறன் சில்லுகளைத் தயாரித்து வருகிறது. இவ்வகைச் சில்லுகளுக்கு வீட்டில் என்ன வேலை? கைப்பேசி சார்ஜரையே எடுத்துக்கொள்வோம்.

சுவரிலிருந்து வருவது 240 வோல்ட்; கைப்பேசிக்கு வேண்டியது 5 வோல்ட். பழைய வானொலிப் பெட்டியில் கனமான இரும்பு மின்மாற்றி இந்த வேலையைச் செய்தது. சார்ஜரில் இருப்பதோ தீப்பெட்டியைவிடச் சிறியது. வினாடிக்குச் சுமார் 65,000 முறை மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புவதால் இது முடிகிறது. இதற்கு 'ஃபிளைபேக்' முறை என்று பெயர்.

பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் மங்கில் பால் சேர்கிறது. பிறகுதான் வாளிக்குப் போகிறது. இங்கும் அப்படியே. சுவிட்சு மூடும்போது மின்மாற்றியின் உள்ளகத்தில் காந்த சக்தி சேர்கிறது. திறக்கும்போது அந்தச் சக்தி மறு சுருளுக்குப் போய்ச் சேர்கிறது. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று முடிவு செய்வது கட்டுப்படுத்திச் சில்லு.

இந்தச் சில்லை எப்படித் தேர்ந்தெடுப்பது? 240 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் உச்சம் 340 வோல்ட் ஆகும். சுவிட்சு திறக்கும்போது மின்மாற்றியிலிருந்து திரும்பும் அழுத்தம் சுமார் 100. கசிவினால் எழும் துள்ளல் இன்னொரு 100. ஆக 540 வோல்ட். சுவர் மின்சாரம் ஏறும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, 650 அல்லது 700 வோல்ட் தாங்கும் சுவிட்சைத் தேர்வதே முறை.

அடுத்து மின்மாற்றி. 10 வாட் சார்ஜரில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.2 மில்லிஜூல் சக்தி சேர வேண்டும். அதற்குச் சிறு இடைவெளி விட்ட ஃபெரைட் உள்ளகம் வேண்டும். மங்கு சிறியதானால் பால் வழிந்தோடும். உள்ளகம் நிறைந்துவிட்டாலோ மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். ஆகவே சில்லு விடும் உச்ச மின்னோட்டத்தை உள்ளகம் தாங்க வேண்டும். இரண்டையும் ஜோடியாகவே தேர வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த தோட்டத்து இளைஞர் ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டியைப் பழுது பார்த்தார். அளவு ஒத்திருக்கிறதே என்று வேறொரு மின்மாற்றியைப் பொருத்தினார். மின்சாரம் கொடுத்ததும் சில்லு வெடித்தது. நல்ல வேளை, கண் தப்பியது. "உருவம் பார்த்தேன், சுற்று எண்ணிக்கை பார்க்கவில்லை" என்றார் பிறகு.

எல்லாவற்றிலும் பெரியது உயிர்க்காப்பு. மின்மாற்றியின் இரு சுருள்களுக்கும் நடுவே உள்ள காப்புறைதான் 240 வோல்ட்டை நம் குழந்தையின் கையிலிருந்து விலக்கி வைக்கிறது. மலிவான சார்ஜர்களில் முதலில் குறைக்கப்படக்கூடியது இதுவே. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே சிரிம் முத்திரை உள்ளதையே வாங்குங்கள். கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர் திறக்கவே வேண்டாம்.

கற்க விரும்பும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். முறையாகக் கற்றுக்கொள்ள அனுப்பி வையுங்கள்.