சிகாமட்டில் நிலம் ஏன் அதிர்ந்தது?

2025 ஆகஸ்ட் 24 அதிகாலையில் ஜொகூர், சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது. அளவு 4.1. "பூமி பிளந்துவிடுமா, ஆசிரியரே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பூமி அவித்த முட்டையைப் போன்றது. ஓடுதான் நாம் வாழும் நிலம். கண்டங்களில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கனம். அதன்கீழ், 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை, வெள்ளைக்கருவைப் போல் சூடான பாறை. நடுவே, மஞ்சள்கருவைப் போல், பெரும்பாலும் இரும்பு.

தட்டிய முட்டையோடு போலப் பூமியின் மேற்பகுதி பல தகடுகளாகப் பிரிந்திருக்கிறது. சுமத்ராவுக்கு மேற்கே ஒரு தகடு மற்றொன்றின் அடியில் செருகுகிறது. நாம் அந்த விளிம்பில் இல்லை; ஆயினும் நம் அடியிலுள்ள பழைய பாறைப் பிளவுகளும் சில வேளை அசையும்.

ஆகவே பீதி வேண்டாம், விழிப்பு வேண்டும். வீடு அதிர்ந்தால் மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். அதிர்வு நின்றபின் திறந்த வெளிக்குச் செல்லுங்கள். இன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.