மதகு திறந்த பின்னர் கேட்பது கேள்வியா?

(மன்னாரில் உழவரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



காலபோகம் தொடங்குமுன் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் வயல் செய்வோரை அழைத்துக் கூட்டம் கூட்டுவது நம் மாவட்டத்து வழக்கம். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது, எத்திகதியில் மதகு திறப்பது, எந்த நெல்லை விதைப்பது, மாடுகளை எந்நாளுக்குள் வயல்வெளியினின்று அகற்றுவது என்பனவெல்லாம் அங்கே பேசப்படும். சச்சரவும் நிகழும். வாய்க்காலின் தலைப்பிலுள்ளவர் ஒன்று சொல்வார். கடைசியிலுள்ளவர் வேறொன்று சொல்வார். பொறியியலாளர் தம் கணக்கைக் காட்டுவார். ஈற்றில் ஒரு திகதி குறிக்கப்படும். அத்திகதியை விரும்பாதவனும் அதற்குக் கட்டுப்படுவான். ஏனெனில் அவனும் அக்கூட்டத்தில் இருந்தான், அவன் சொல்லும் செவிமடுக்கப்பட்டது. மதகைத் திறந்துவிட்டு, அதன் பின்னர் கூட்டம் கூட்டி, ‘திறக்கலாமா?’ என்று கேட்கும் வழக்கம் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்த வயல்வெளியில் எக்காலத்தும் இருந்ததில்லை.

பாலத்தைக் கடந்து தீவுக்குள் சென்றால் இம்முறை தலைகீழாகி விடுகின்றது. இதைப் பற்றித்தான் இன்று பேச வந்துள்ளேன்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி என்னும் காற்றாலைத் திட்டம் தொடங்கி வைக்கப்பெற்றது. முப்பது காற்றாலைகள், 103.5 மெகாவாற்று மின்சாரம். அதற்கு அறிக்கைகள் எழுதப்பட்டன. ஆலோசனைகளும் நடந்தன என்பர். ஆனால் தீவு மக்களின் முறைப்பாடு யாது? பாரமான பாகங்களை ஏற்றிச்செல்ல மண்ணை உயர்த்தி வீதிகள் போடப்பட்டன. முன்னர் மாரிவெள்ளம் கடலை நோக்கி வடிந்த வழிகளில் அவை குறுக்கே நிற்கின்றன. வீட்டு வளவுகளிலும் பனங்காணிகளிலும் நீர் தேங்குகின்றது என்பதே. மனிதனுக்கு வீதியாக இருப்பது நீருக்கு அணையாகி விடலாம். இதனை அறிய எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் வேண்டியதில்லை. வரம்பு கட்டிய எவனும் அறிவான். கடல்மட்டத்திற்குச் சில அடிகளே மேலெழுந்துள்ள மணல்தீவில் ஓரடி உயர வீதியும் பெரிய மலையே.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒரு சொல் சொல்லவேண்டும்; கோபிக்க வேண்டாம். காற்றாலைகள் மழைமுகிலை விரட்டுகின்றன என்று நம்மில் சிலர் மேடைகளிற் பேசுகின்றனர். அதனை நான் ஏற்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து அருவி ஆறு பெருக்கெடுத்தபோது முகிலை எவரும் விரட்டவில்லை. அவ்வெள்ளத்தைக் காற்றாலைகள்தாம் கொணர்ந்தன என்று மறுபுறமாகப் பேசுவதும் பொருந்தாது. நிறுவ முடியாத ஒன்றை நாம் முதலிற் சொன்னால், அதிகாரி அதைக் குறித்துக்கொள்கின்றார், சிரிக்கின்றார், நிறுவக்கூடிய மற்றவை யாவும் அச்சிரிப்போடு போய்விடுகின்றன. நீர் வடியும் வழி அடைபட்டதா என்பது மட்டக்கோல் வைத்து அளந்து காட்டக்கூடிய செய்தி. அதையே முதலிற் சொல்லுவோம்.

இரண்டாவது திட்டத்தின் கதையைப் பாருங்கள். 2023 பெப்ரவரியில், மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாற்றுக் காற்றாலைகள் அமைக்க இந்திய நாட்டு அதானி நிறுவனத்திற்கு அனுமதி வழங்கப்பட்டது. போட்டிக் கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை. 2024இல், அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் கொடுப்பதென்று அமைச்சரவை இணங்கியது. மன்னார் ஆயரும் சுற்றாடல் அமைப்புகளும் உயர் நீதிமன்றத்தை நாடினர். ஆண்டுதோறும் வந்து தங்கும் வலசைப் பறவைகளின் பாதையும், தீவின் நீரும், மின்சாரத்தின் விலையும் அங்கே கேள்விக்குள்ளாயின. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் திட்டத்தை விட்டு விலகிற்று. அதே காலத்தில் தீவில் 50 மெகாவாற்றுக்குப் போட்டிக் கேள்விப்பத்திரம் கோரியபோது கிடைத்த விலை 4.65 சதம்! அபிவிருத்திக்குக் குறுக்கே நின்றவர்கள் என்று நம்மை ஏசியவர்கள் இவ்விரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்கட்டும்.

ஆனால் விலை குறைந்ததாற் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அந்த மலிவான திட்டத்தின் காற்றாலைகளும் அதே தீவில்தானே நடப்பட வேண்டும்? 2025 ஆகத்தில் மக்கள் இரவு பகலாகத் தெருவில் அமர்ந்தனர். கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் இந்துக்களும் ஒரே பந்தலின் கீழ் இருந்தனர். மன்னாரின் கடந்த முப்பத்தைந்து ஆண்டுச் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இது சிறு செய்தியன்று. ஆகத்து 13ஆந் திகதி சனாதிபதி, வேலையை ஒரு மாதம் நிறுத்தி மக்களோடு பேசுமாறு பணித்தார். நாமும் மகிழ்ந்தோம். மாதம் கழிந்தது. திட்டம் தொடருமென்ற அறிவித்தலும் வந்தது. செப்டம்பர் 26ஆந் திகதி இரவு, காற்றாலைப் பாகங்களை ஏற்றிய வண்டிகளை மறித்த மக்கள்மீது பொலிசார் பலம் பிரயோகித்தனர். 29ஆந் திகதி மன்னார் கடையடைத்தது.

அந்த ஒரு மாதத்தில் நிகழ்ந்தது கலந்தாலோசனையா? முடிவு மாறக்கூடும் என்ற நிலையிற் கேட்பதே ஆலோசனை. முடிவை மடியில் முடிந்துவைத்துக்கொண்டு கேட்பது விளக்கவுரை. விளக்கவுரைக்கும் ஓர் இடமுண்டு. ஆனால் அதற்கு ஆலோசனை என்று பெயர் சூட்டி, வரவேட்டில் நாம் இட்ட கையொப்பத்தைச் சம்மதமென்று காட்டுவது நீதியன்று.

இது மன்னாருக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. தென்னிலங்கையில் நெடுஞ்சாலை அமைத்தபோது, மதிப்பீட்டிற்கு வைக்கப்பட்ட தடம் ஒன்று. பின்னர் வெட்டப்பட்ட தடம் சில இடங்களில் வேறொன்று. பண்டாரகமையிலும் அக்மீமனையிலும் இருந்த காணிக்காரர்கள், தங்கள் வீட்டின்மேற் கோடு விழுந்ததைக் காலங்கடந்தே அறிந்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றம் வரை சென்றனர். 2004 சனவரியில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார்: தடத்தை மாற்றினால், மாற்றத்தாற் பாதிக்கப்படுவோரைக் கேட்டே மாற்றவேண்டும்; கேளாமை இயற்கை நீதிக்கும், சட்டத்தின்முன் யாவரும் சமம் என்னும் அரசியலமைப்பு உரிமைக்கும் மாறானது. ஆயினும் வீதி நிறுத்தப்படவில்லை. மனுதாரர் ஒவ்வொருவர்க்கும் 75,000 ரூபா கிடைத்தது. வென்றவர்களும் வீட்டை இழந்தனர் என்பதை நாம் மறவாதிருக்க வேண்டும். பிந்திக் கிடைக்கும் நீதியின் அளவு அவ்வளவே.

முந்திக் கேட்டவர்களின் கதை வேறு. எப்பாவலையில் பொசுபேற்றுப் படிவத்தை அமெரிக்கக் கம்பனியொன்றுக்கு வழங்க அரசு முற்பட்டபோது எழுவர் நீதிமன்றஞ் சென்றனர். நெல் விதைப்போர், பால்மாடு வளர்ப்போர், தென்னங்காணிக்காரர் ஒருவர், விகாராதிபதி ஒருவர். 2000ஆம் ஆண்டு சூன் மாதத்தில் உயர் நீதிமன்றம், முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் முடியுமுன் அகழக்கூடாதென்றது. அக்கம்பனி அங்கே அகழத் தொடங்குமுன் தீர்ப்பு வந்தது. நம் தீவிலும் இல்மனைற்று மணலைத் தேடி அவுஸ்திரேலியக் கம்பனியொன்று துளையிட்டு வந்துள்ளது. மணல் இன்னும் அள்ளப்படவில்லை. தீவின் கிணற்று நீர் உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர். கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடியை இழந்தால் கீழே எவ்வளவு போகும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆதலால் எப்பாவலை உழவரின் வழியே நமக்கு உகந்தது.

சட்டம் நமக்குத் தந்துள்ள நாட்கள் முப்பது. 1988இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி, மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் எவரும் எழுத்திற் கருத்துரைக்கலாம். கூட்டம் வைத்து நேரிற் கேட்பதோ அதிகாரியின் விருப்பைப் பொறுத்தது. ‘கேட்கலாம்’ என்றே சட்டம் சொல்கின்றது, ‘கேட்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. எனவே கூட்டத்தை எதிர்பார்த்து எழுத்தைக் கைவிடலாகாது. அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் வரும். பேசாலையில் வலை இழுப்பவரும் எருக்கலம்பிட்டியிற் கடை வைத்திருப்பவரும் அதனை முப்பது நாளிற் படித்து முடிப்பரா? இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களே, நில அளவையாளர்களே, சட்டத்தரணிகளே, உங்களைத்தான் கேட்கின்றேன். நீங்கள் படித்துச் சொல்லாவிடில் வேறு யார் சொல்வார்? உத்தியோகம் போய்விடுமென்ற அச்சம் சிலர்க்கு இருக்கலாம்; அவர்கள் பெயரிடாமல் மொழிபெயர்த்துத் தரட்டும், போதும். தகவல் மறைக்கப்பட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. விண்ணப்பத்திற்குப் பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

உழவரிடமும் கடற்றொழிலாளரிடமும் நான் வேண்டுவது வேறு. தீவில் மாரிநீர் எவ்வழி ஓடிற்று, எங்கே தேங்கிற்று, எந்த மோட்டில் வீடு கட்டினர், எந்தப் பள்ளத்தைத் தவிர்த்தனர் என்பது எந்த அலுவலகத்துப் படத்திலும் முழுமையாக இல்லை. அது வயோதிபர்களின் நினைவில் இருக்கின்றது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். ஊருக்கு இருவர் வீதம் சென்று, அவர்களோடு நடந்து, நீர்வழிகளைக் குறிக்க வேண்டும். அடுத்த மாரியில் நீர் எத்தனை நாள் நின்றதென்று திகதியோடு எழுதிவைக்க வேண்டும். மட்டம் பார்க்கும் கருவி தருவதாக அன்பரொருவர் ஒப்பியுள்ளார். தாழ்வுபாடு, தோட்டவெளி, தாராபுரம், பேசாலை, நடுக்குடா, தலைமன்னார் ஆகிய ஊர்களுக்கு ஆறு கொப்பிகள் வாங்கி வந்துள்ளேன். இந்த மேசைமீது இருக்கின்றன. தோட்டவெளிக்கும் பேசாலைக்கும் ஆட்கள் முன்வந்துள்ளனர். மற்ற நான்கு ஊர்களுக்கும் யார் பொறுப்பேற்பது என்பதை, கூட்டம் கலையுமுன் தலைவர் அவர்கள் கேட்டறிந்து எழுதிக்கொள்ள வேண்டுகின்றேன்.