தரும விடுதிகளில் வசிப்போர் கவனிக்க வேண்டியவை

(கிராமக் கூட்டங்களில் படிக்கத்தக்க பிரசங்கம்)



பிறர் தருமத்தால் எழுந்த வீட்டில் வசிப்பது இழிவன்று. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வியாபாரிகள் தங்கள் சரக்கின்மீது சிறு தொகையை மகமையென்று ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்து வந்தனர். வண்டிகளும் மாடுகளும் சரக்குகளும் இரவில் பத்திரமாய்த் தங்கிய பேட்டைகள் அந்நிதியினால் நடந்தன. விருதுநகரில் 1885-ல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு, வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் உதவிற்று. இத்தகைய தருமம் கொடுப்போர் கையால் மட்டும் நிலைப்பதன்று. அனுபவிப்போர் ஒழுங்கினாலும் நிலைப்பதாகும்.

சேரும்பொழுது

விடுதியில் இடம் பெறுவோர் அதன் நிபந்தனைகளை முதலிலேயே எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம். எவ்வளவு காலம் தங்கலாம், பராமரிப்புக்கு என்ன தொகை, விருந்தினர் தங்கலாமா, வெளியேறுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை அதில் இருக்கவேண்டும். படிக்கத் தெரியாதவர் நம்பத்தக்க ஒருவரைக் கொண்டு படிக்கச்செய்த பின்னரே கைநாட்டு வைக்கவேண்டும். செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறுதல் அவசியம். குடும்ப அட்டை, ஆதார் முதலியவற்றின் அசலை எவரிடமும் ஒப்படைத்தலாகாது; நகல் கொடுத்தால் போதுமானது.

தண்ணீர்

மழை குறைந்த இக்கரிசற் சீமையில் தண்ணீரைச் சேமித்து வைப்பது தவிர்க்க முடியாதது. ஆனால் மூடாத தொட்டியே டெங்குக் கொசுவின் பிறப்பிடம். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதால், நீரைக் கொட்டிவிடுவது மட்டும் பயன் தராது. வாரத்துக்கொருமுறை உட்புறத்தை நன்றாய்த் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, இறுக மூடவேண்டும். ஒரு வீட்டார் மட்டும் செய்தால் போதாது. எல்லா வீட்டாரும் ஒரே நாளில் செய்தல்வேண்டும்.

நெருப்பு

இப்பகுதியில் மிகவும் கவனிக்கத்தக்கது இதுவே. பட்டாசு வேலைக்குச் சென்று திரும்புவோரின் உடையிலும் கூந்தலிலும் அலுமினியப் பொடியும் மருந்துத் தூளும் படிந்திருக்கும். அவர்கள் அடுப்பை அணுகுமுன் கைகால் கழுவி உடை மாற்றவேண்டும். குழந்தையைத் தூக்குவதும் அதன் பின்னரே ஆகட்டும். அவ்வுடைகளைத் தனியே துவைக்கவேண்டும். வேலைக்குப் பருத்தியாடையே உகந்தது. நைலான் முதலியன உராய்வினால் மின்பொறி உண்டாக்கும்.

கருந்திரி செய்தலும் மருந்து அடைத்தலும் வீட்டில் எக்காரணத்தாலும் கூடா. உரிமமில்லாத இடத்தில் வெடிபொருள் செய்வது, 1884-ம் வருஷத்திய வெடிபொருட் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற ஆலையிலேயே மருந்து கையாளும் அறைகளை ஒன்றுக்கொன்று தூரமாய்க் கட்டி, ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாதென்று விதித்திருக்கின்றனர். அவ்வளவு ஏற்பாடு இருந்தும் விபத்துக்கள் நேருகின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய விடுதியில் ஒருவர் இரவில் கருந்திரி செய்தால், அடுத்த அறையில் எழுந்து நடக்கமாட்டாத முதியவரின் உயிரும் அவர் கையிலேயே இருக்கிறது. அலுமினியம் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானே சூடேறும். தீக்குச்சி கிழியாமலே பற்றிக்கொள்ளும்.

கூலி குறைந்த காலத்தில் இதை மறுப்பது எளிதன்று என்பது உண்மை. ஆகையால் விடுதி நிர்வாகிகள் வெறுந் தடை விதிப்பதோடு நில்லாமல், மருந்து சேராத காகிதக் குழாய் உருட்டுதல், பெட்டி ஒட்டுதல் போன்ற வேலைக்கு இடமளிக்கவேண்டும். அவ்வேலையையும் அடுப்புக்கு விலகிய இடத்தில் செய்யவேண்டும்.

தீ நேர்ந்தால் முதலில் குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றி, 101 அல்லது 112-க்கு அறிவிக்கவேண்டும். அலுமினியப் பொடி எரியும் இடத்தில் தண்ணீர் ஊற்றலாகாது; தொடக்கத்திலுள்ள சிறு தீயானால் உலர்ந்த மணலைப் போடலாம். மருந்து இருக்குமிடத்தில் தீ என்றால் உடனே விலகி ஓடவேண்டும். 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் உதவவும் பார்க்கவும் வந்தவர்கள். புகையைக் கண்டு கூட்டங்கூடுதல் கூடாதென்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தீப்புண்ணின்மேல் சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிஷம் ஓடவிட்டு, சுத்தத் துணியால் தளர்வாய் மூடி, 108 வண்டியை அழைக்கவேண்டும். மையும் எண்ணெயும் பற்பசையும் தடவலாகாது. ஒட்டிய துணியைப் பிய்த்தலாகாது.

முறையீடு

விடுதியில் குறை இருப்பின் பலர் சேர்ந்து, தேதியிட்டு, எழுத்தில் நிர்வாகிக்குத் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளவேண்டும். பயனில்லையேல் ஜில்லா கலெக்டர் திங்கட்கிழமைகளில் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். முதியோர் 14567 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம். கேட்பது யாசகமன்று, தருமத்தை அதன் நோக்கம் வழுவாமல் காப்பதேயாகும்.

விடுதிதோறும் ஐவர் கொண்ட ஒரு சிறு பஞ்சாயத்து ஏற்படுத்தி, அதில் இருவரேனும் பெண்களாயிருக்கும்படி செய்து, தொட்டி கழுவும் நாளையும் மணல் வாளி வைக்கும் இடத்தையும் இவ்வாரமே தீர்மானித்தல் நன்று.