நம் ஆற்றுக்குக் காவல் இருப்பவர்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

இன்ஜினியர் வந்திருக்கிறார், வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவார் என்று தம்பிகள் நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது நம்ம ஆற்றுத் தண்ணீரைப் பற்றி.

சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மன் கோயில் கம்பத்துக்கு முல்லையாற்றுத் தண்ணீர் ஊற்றாதவர்கள் இங்கே சில பேர்தான் இருப்பீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "பெரியாறு அணை" என்று ஒரே குரலில் சொல்வோம். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்தது; தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறது; லோயர்கேம்ப்பில் மின்சாரம் தருகிறது; கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் அதை நம்பியிருக்கிறது. எல்லாம் நமக்கு மனப்பாடம்.

2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை கொதித்தபோது, குமுளியை நோக்கிக் கிளம்பிய கூட்டத்தில் மாணவனாக நானும் நடந்தேன். தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டேன். அதற்காக எனக்கு வருத்தமில்லை. தண்ணீர் நம்ம வயிற்றுப் பிரச்சினை. ஆனால் அணைக்குப் பின்னால் இருக்கிற காட்டை அன்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

அணை தண்ணீரைத் தேக்கும், உண்டாக்காது. மழைக்காட்டில் சருகும் வேரும் மழையைப் பிடித்து, மண்ணுக்குள் இறக்கி, ஓடைகளில் மெதுவாக விடுகின்றன. மரம் போனால் மண் கரைந்து வந்து அணையில் படியும். கொள்ளளவு குறையும். இது கவிதை இல்லை, கணக்கு.

அந்தக் காட்டை யார் காக்கிறார்கள்? 1978-ல் பெரியாறு புலிகள் காப்பகம் ஆனது, வனத்துறை இருக்கிறது. ஆனாலும் விறகும் பட்டையும் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. 1998-ல் வயணப் பட்டை கடத்தி வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் மனம் மாறி, காட்டுக்கே காவலாகவும் சுற்றுலா வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். 2002-ல் குமுளி வட்டாரத்துப் பெண்கள் 'வசந்தசேனா' என்று ஓர் அணி சேர்ந்தார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, முறை வைத்து, சிறு குழுவாகக் காட்டுக்குள் ரோந்து போனார்கள். அட்டைக்கடி உண்டு, யானை பயம் உண்டு, சம்பளம் கிடையாது.

இதைப் படித்தபோது எங்க வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. அம்மாவிடம் கேட்டேன், "நான் சின்னப் பையனா இருக்கும்போது தலைச்சுமை விறகு வாங்குவீங்களே, அது எங்கிருந்தும்மா வந்துச்சு?" அம்மா சொன்னார்கள்: "மலையிலிருந்துதான்ப்பா. வேற எங்க இருந்து வரும்?" நான் சாப்பிட்டு வளர்ந்த சோறு எந்த மலையின் மரத்தில் வெந்ததோ! கூலி இல்லாமல் காவல் போன அந்த அக்காமாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நம் சங்கத்தின் முன் மூன்று யோசனைகள் வைக்கிறேன்.

ஒன்று, ஆண்டுக்கு ஒரு பேட்ச் பொறுப்பேற்று, காட்டைக் காக்கும் இப்படிப்பட்ட தன்னார்வலர்களுக்கு உதவ வேண்டும். அதற்கு முன், என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். மழைக்கோட்டா, டார்ச் லைட்டா, பிள்ளைகளின் படிப்புச் செலவா, அவர்கள்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் வனத்துறை மூலமாகவே செய்வோம். சால்வை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது உதவி அல்ல.

இரண்டு, மாணவர்களுக்கு. நம்ம பக்கத்து மேகமலை முதலில் சரணாலயமானது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. பெரியாறு காட்டை ஒட்டிய காடு அது. வைகை பிறக்கிற இடம். வனத்துறை அனுமதியோடு கணக்கெடுப்புக்கும் குப்பை அகற்றவும் போங்கள். டூர் போனால் ஒரு பிளாஸ்டிக் கவர்கூட விட்டுவிட்டு வராதீர்கள்.

மூன்று, என் பங்கு. முதல் ஆண்டு எங்கள் பேட்ச் பொறுப்பேற்கும். நண்பர்களிடம் இன்னும் கேட்கவில்லை. இந்த மேடையில் சொல்லிவிட்டால் மறுக்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்! (சிரிப்பு)

தண்ணீருக்காகக் கோஷம் போட ஒரு நாள் நடந்தோம். அது பிறக்கிற காட்டுக்காகவும் கொஞ்ச தூரம் நடப்போம். அடுத்த சித்திரையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது, மனசு உறுத்தாமல் ஊற்றலாம்.