சொட்டு குண்டா விழுது

நான் ஐசியூ நர்ஸ். வீடு கோச்சடையில். நைட் டூட்டி முடிஞ்சு மேலக்கால் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஊரே அப்பதான் பால் வாங்கக் கிளம்பும். இன்னைக்கு நான் பேசப்போறது கணக்கு. ஓடிடாதீங்க, வெறும் பெருக்கல் வகுத்தல்தான்.

பிரஷர் ரொம்ப இறங்கிக் கிடக்கிறவங்களுக்கு டோபமைன் கொடுப்போம். அதை ஊசி மாதிரி ஒரே தடவையில் போட முடியாது. உள்ளே போன மருந்து சில நிமிஷத்திலேயே தீர்ந்துடும். அதனால விடாம, அளவா போய்க்கிட்டே இருக்கணும்.

டாக்டர் எழுதுறது இப்படி: ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராம். ஆள் 60 கிலோன்னா நிமிஷத்துக்கு 300. மணிக்கு 18,000. ஆம்பியூல் 5 மில்லி, அதுக்குள்ள 200 மில்லிகிராம். சலைன் சேர்த்து 50 மில்லி சிரிஞ்சில் ஏத்தினா ஒரு மில்லிக்கு 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். 18,000-ஐ 4,000-ஆல் வகுங்க. 4.5 மில்லி. பம்ப்பில் அதைத் தட்டினா வேலை முடிஞ்சது. மில்லியையும் மைக்ரோவையும் குழப்பினா ஆயிரம் மடங்கு போயிடும். அதனாலதான் ரெண்டு நர்ஸ் தனித்தனியா போட்டுப் பார்ப்போம்.

பம்ப் இல்லாத ராத்திரியும் வரும். எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே வந்தது. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். எல்லா பம்ப்பும் ஓடிக்கிட்டிருந்துச்சு. அதே 200 மில்லிகிராமை இப்ப மொத்தம் 250 மில்லியா கலந்தோம். ஒரு மில்லிக்கு 800 மைக்ரோகிராம். மணிக்கு 22.5 மில்லி போகணும். மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு. ஒரு மணிக்கும் 60 நிமிஷம். ரெண்டு அறுபதும் அடிபட்டுப் போகும், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. வாட்சைப் பார்த்து 22 சொட்டு வச்சேன்.

நடு ராத்திரி செட் லீக் ஆச்சு. நோயாளியோட மகன் கீழே மெடிக்கலில் புதுசு வாங்கிட்டு வந்தார். கவரைப் படிக்காமக் கிழிச்சேன். திரும்ப எண்ணினேன், சரியா 22. நிம்மதியா அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மானிட்டர் கத்துது. நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டிடுச்சு. பிரஷர் 88-ல இருந்தது 170. நான் நெஞ்சுவலியான்னு பதறிக்கிட்டு இருக்கேன். சீனியர் அக்கா வந்தாங்க. மானிட்டரைப் பார்க்கல, சொட்டு விழுற சேம்பரைப் பார்த்தாங்க.

"சொட்டு குண்டா விழுது பாருத்தா."

அது சாதா செட். ஒரு மில்லிக்கு 20 சொட்டுதான். 22 சொட்டுன்னா மணிக்கு 66 மில்லி, மூணு மடங்கு. 5 போக வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 15 போயிருக்கு. என் கணக்கு தப்பில்லை, எண்ணினதும் தப்பில்லை. சொட்டோட சைஸ்தான் வேற. அக்கா உடனே கிளாம்ப்பைக் குறைச்சாங்க. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னோம். சீக்கிரம் தீர்ந்துபோற மருந்துங்கிறதே அவரைக் காப்பாத்துச்சு, கொஞ்ச நேரத்தில் துடிப்பு இறங்கிடுச்சு. எனக்குத்தான் விடியிற வரைக்கும் கை நடுங்குச்சு. காலையில அவர் கண்ணைத் திறந்து "டீ கிடைக்குமா தாயி"ன்னு கேட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

அக்கா திட்டல. குப்பையில இருந்து அந்தக் கவரை எடுத்துட்டு வந்து, அதில் அச்சடிச்சிருந்த "20 சொட்டு" வரியைச் சத்தமாப் படிக்கச் சொன்னாங்க. அப்புறம் ஒரு மைக்ரோ செட்டைக் காட்டி, சேம்பருக்குள்ள மெல்லிசா ஊசி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற கம்பியைத் தொட்டுக் காட்டினாங்க. சாதா செட்டில் அது இருக்காது.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். எடையைக் கேட்டா "ஒரு அம்பது இருக்கும் சிஸ்டர்"னு குத்துமதிப்பா சொல்லாதீங்க. மேலே இருக்கிற கணக்கு முழுக்க அந்த எண்ணுல தான் நிக்குது. அப்புறம், பாட்டில் சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம்னு அந்தச் சின்ன உருளையை உருட்டி விடுற மாமாக்கள் எல்லா வார்டிலும் உண்டு. மாமா, கையை எடுங்க. எங்களைக் கூப்பிடுங்க, வந்துடுறோம்.

அந்தச் செட் கவர் இப்பவும் என் லாக்கர் கதவுல ஒட்டியிருக்கு. பிளாஸ்திரி ரெண்டு தடவை மாத்தியாச்சு.