மதமில்லையாம், வழக்கமாம்

(வில்லியனூர்க் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க பேங்க்ல ஆயுதபூஜைன்னா கம்ப்யூட்டருக்கும் லாக்கர் கதவுக்கும் சந்தனம் பூசுவாங்க. எதுக்குன்னு கேட்டால், ‘இது மதமில்ல சார், வழக்கம்’ என்பார்கள். இந்தப் பதிலைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் ஒரு அரசாங்கமே இந்தப் பதிலை வைத்து ஆண்டது. 1868-ல் மெய்ஜி ஆட்சி வந்ததும் ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தார்கள். பௌத்த விகாரைகள் பல இடிபட்டன. 1889 அரசியல் சட்டமோ மதச் சுதந்திரம் தந்தது. அப்புறம் எல்லோரையும் ஷிண்டோ கோயிலில் எப்படிக் குனிய வைப்பது? சுலபம். அது மதமே இல்லை, தேசியச் சடங்கு என்றார்கள். 1900-ல் உள்துறையில் கோயில்களுக்கு ஒரு பிரிவு, மதங்களுக்கு வேறொரு பிரிவு. கொரியாவைப் பிடித்தபின் அங்கேயும் கோயில் கட்டி, வணங்க மறுத்த பாதிரிகளைச் சிறையில் போட்டார்கள். தோற்றபிறகு, 1945 டிசம்பரில், அமெரிக்கப் படை உத்தரவு போட்டுத்தான் அரசும் ஷிண்டோவும் பிரிந்தன.

இங்கே? தந்தையர் நாடாகவும் புண்ணிய பூமியாகவும் இந்த மண்ணைக் கருதுபவனே இந்து என்று 1923-லேயே சாவர்க்கர் எல்லை போட்டுவிட்டார். 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்துத்துவம் என்ற சொல் வாழ்க்கை முறையையும் குறிக்கும் என்றது. 2024 ஜனவரி 22-ல் அயோத்தியில் பிரதிஷ்டைச் சடங்கில் பிரதமரே உட்கார்ந்தார். உள்துறைப் பிரிவெல்லாம் நமக்குத் தேவைப்படவில்லை.

நம்ம ஊர்த் தேரையே எடுத்துக்குங்க. தன் நாட்டில் 1905-ல் திருச்சபையை அரசிலிருந்து பிரித்துச் சட்டம் போட்ட பிரெஞ்சுக்காரன், இங்கே திருக்காமீஸ்வரர் தேருக்கு வடம் பிடித்தான். அவன் போனபின் துணைநிலை ஆளுநர்கள் பிடிக்கிறார்கள். மத நல்லிணக்கமாம், இருக்கட்டும். சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில் 1998-ல் தலித்துகள் வடம் பிடிக்க உரிமை கேட்டதும் தகராறு மூண்டது. அப்புறம் பல வருஷம் தேர் ஓடவே இல்லை. 2024-ல் ஓடியது, போலீஸ் காவலில். ஆளுநர் கைக்கு எந்தக் காவலும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் செங்கல் வைக்க நம்ம கை வேணும். 1989 நவம்பர் 9-ல் அயோத்தியில் முதல் செங்கல் வைத்தவர் பீகார் தலித், காமேஸ்வர் சௌபால். மூணு வருஷம் கழித்து மசூதியை இடித்த டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாள். நம் பிள்ளைகளை ஊர்வலத்துக்குக் கூப்பிடுகிறவன் செங்கல் கதையைச் சொல்வான், நாள் கதையைச் சொல்லமாட்டான்.

ஜப்பானிலும் தோல் வேலை பார்த்ததற்காக ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு, புராகுமின் என்பார்கள். 1871-ல் அரசாணை அவர்களைக் காகிதத்தில் சமமாக்கியது. 1922 மார்ச் 3-ல் கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்று தங்கள் இயக்கத்தைக் கட்டினார்கள். போர்க்காலத்தில் அந்த இயக்கமும் பேரரசர் பக்கம் சாய்ந்தது. இதை நாம் மறைக்கக் கூடாது, நமக்கும் நேரக்கூடியது. அதன் தலைவர் மட்சுமோட்டோ ஜீச்சிரோ போருக்குப்பின் மேலவைத் துணைத் தலைவரானார். பேரரசர் முன்னால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து போய்க் கும்பிட வேண்டும் என்பது சபை மரபு. 1948-ல் அவர் முடியாது என்றுவிட்டார். மறுவருஷம் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டார். 1951-ல் தடை நீங்கியதும் திரும்பி வந்தார்.