மாரிக் கூதலும் பசியும் பிள்ளையின் நிறையும்
(மீள்குடியேறிய குடும்பங்களின் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை தொடங்கியதிலிருந்து நான் போகிற கொட்டில்களில் எல்லாம் இரண்டு கதைகள் கேட்கிறேன். ஒன்று, "கூதல் தொடங்கினதோடை இவருக்கு எந்நேரமும் பசி. பானை காணாது." மற்றது, "சின்னவன் ஒரு வாய்தான் சாப்பிடுறான். கூதலுக்குத்தான் பசிக்குதில்லைப் போல." முதலாவது இயற்கை. இரண்டாவதை அப்படி விடக்கூடாது. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எங்கள் உடம்பு எப்போதும் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். வெளியில் கூதல் கூடும்போது அந்தச் சூட்டைக் காக்க உடம்பு கூடுதலாக எரிக்கிறது. அடுப்பு அணையாமல் இருக்க விறகு வைப்பது போலத்தான் இதுவும். உடம்புக்கு விறகு சாப்பாடு. நடுங்குவதும் தசைகள் அசைந்து சூடு உண்டாக்குகிற வேலைதான். ஆகவே கூதலில் பசி கூடுவது நல்ல உடம்பின் அடையாளம்.

வன்னியில் பனிக்கட்டி விழுவதில்லை. ஆனால் தறப்பாளுக்குக் கீழே, ஈர மண் தரையில், நனைந்த உடுப்போடு படுத்தால் இந்தக் கூதலே போதும். ஈரத் துணி உலர்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். சிறு பிள்ளைக்கு உடம்பு சிறிது. அந்த நிறைக்குத் தோலின் பரப்பு அதிகம். அதனால் பெரியவர்களைவிடக் கெதியாகக் குளிர்ந்துவிடும். மெலிந்த பிள்ளைக்கும் வயது போனவர்களுக்கும் தோலுக்குக் கீழே கொழுப்புக் குறைவு என்பதால் அவர்களுக்கும் இதே நிலைதான். பிள்ளையை உலர்த்தித் துடைத்து, தலையை மூடி, பாய்க்குக் கீழே பலகையோ உலர்ந்த சாக்கோ விரித்துப் படுக்க வைத்தால், சாப்பிட்டது சூட்டுக்குப் போகாமல் வளர்ச்சிக்குப் போகும். அந்த ஒரு வேலை ஒரு நேரச் சாப்பாட்டுக்குச் சமன்.

மாரியில் எங்கள் பிள்ளைகளின் நிறை இறங்குவதற்குக் கூதல் மட்டும் காரணமில்லை. மூன்று விஷயங்கள் ஒன்றாக வருகின்றன. காலபோகப் பயிர் வயலில் நிற்கிறது. தை, மாசியில் வெட்டும்வரை புது நெல் இல்லை. அதே நேரத்தில் களை பிடுங்கலும் வேலி அடைத்தலும் வீடு கட்டலுமாக வேலை கூட. அதோடு தடிமன், காய்ச்சல், வயிற்றோட்டம். தேவை கூடுகிற மாதத்தில்தான் கையிருப்புக் குறைகிறது. இது எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. மேற்கு ஆபிரிக்காவில் காம்பியா நாட்டில் கெனெபா என்ற விவசாயக் கிராமத்தில் பல ஆண்டுகளாக நிறை பார்த்து வந்தார்கள். அங்கேயும் மழைக்காலத்தில் தாய்மாரின் நிறை இறங்கியது. அந்த மாதங்களில் பிறந்த பிள்ளைகள் நிறை குறைந்து பிறந்தார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கூடுதல் சாப்பாடு கொடுத்தபோது பிறப்பு நிறை கூடியது. ஆகவே இது விதியல்ல, தடுக்கக்கூடியது.

இப்போது சாப்பிடாத பிள்ளையிடம் வருவோம். கூதல் பசியைக் கூட்டவேண்டும். கூதலிலும் பிள்ளை சாப்பிடவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. மூக்கடைத்த பிள்ளை மூச்சு விடவும் விழுங்கவும் ஒரே நேரத்தில் முடியாமல் சாப்பாட்டைத் தள்ளும். வாய்ப்புண், பூச்சி, காய்ச்சல், வயிற்றோட்டம் எல்லாம் பசியைக் கெடுக்கும். இன்னொன்று, நாங்களே கெடுப்பது. கூதல் என்று விடியத் தேத்தண்ணி, பத்து மணிக்குத் தேத்தண்ணி, பின்னேரம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். பிள்ளையின் வயிறு சிறியது. சீனித் தண்ணியால் நிரம்பிய வயிற்றுக்குச் சோறு வேண்டாம். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது.

கண்ணால் பார்த்து நிறையைச் சொல்ல முடியாது. மாரியில் இரண்டு உடுப்புப் போட்ட பிள்ளை கொழுத்த பிள்ளை போலத் தெரியும். ஆகவே மாதாந்தம் நிறை பார்க்கிற நாளைத் தவறவிடாதீர்கள். சுகாதாரப் பதிவேடு இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் குடும்பநல மாதுவிடம் சொல்லிப் புதியது எடுங்கள். அதில் கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். கோடு படுத்துவிட்டால், பிள்ளை ஓடி விளையாடினாலும் அன்றே கேளுங்கள். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கையை நாடாவால் அளப்பார்கள். நடுப்பகுதிச் சுற்றளவு 12.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கவனம் தேவை. 11.5க்குக் குறைந்தால் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி.

என்ன கொடுப்பது? நிவாரணத்தில் அரிசி, பருப்பு, மா, எண்ணெய், சீனி வருகிறது. அரிசியும் பருப்பும் குழைய அவித்து, பிள்ளையின் கோப்பையில் மட்டும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். அந்த ஒரு கரண்டியில் ஏறத்தாழ 45 கலோரி இருக்கிறது. கோப்பை பெருக்காமல் பலம் பெருகும். மழைக்குத் துளிர்த்த முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, பொடியாக்கிய நெத்தலிக் கருவாடு, குளத்து மீன், ஒரு முட்டை, எது கிடைக்கிறதோ அது. குரக்கன் கூழும் உழுத்தங்களியும் எங்கள் அம்மம்மாமார் மாரிக்குக் கண்டுபிடித்த மருந்துகள். தண்ணிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், நிறையை ஏற்றாது. கரண்டியில் நிற்கிற பதத்தில் கொடுங்கள். ஒரேயடியாகத் திணிக்காமல் நாளுக்கு ஐந்து தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம். வருத்தத்திலும் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். மாறிய பிறகு இரண்டு கிழமைக்கு நாளுக்கு ஒரு நேரம் கூடக் கொடுங்கள். இழந்த நிறை அப்போதுதான் திரும்பும்.

திரிபோஷாவைப் பற்றி ஒரு வார்த்தை. நாளுக்கு 50 கிராம் வீதம் 750 கிராம் பைக்கற் 15 நாளைக்கு வரும். வீட்டில் ஐந்து பேரும் உருண்டை பிடித்தால் மூன்று நாளில் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது அந்த மெலிந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தந்த மருந்து என்று நினையுங்கள்.

கீரைக்கும் விறகுக்கும் போகும்போது, கண்ணிவெடி அகற்றி முடித்த இடங்களுக்கு மட்டும் போங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் எவ்வளவு நல்ல கீரை நின்றாலும் வேண்டாம். வெயில் எறிக்கிற நாளில் விறகை உலர்த்தித் தறப்பாளுக்குள் அடுக்கி வையுங்கள். விறகு ஈரமானால் தண்ணி கொதிக்காது. கொதிக்காத தண்ணி வயிற்றோட்டம் தரும். கூதலில் தாகம் தெரியாது. அதற்காகத் தண்ணி குடிக்காமல் விடாதீர்கள். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். மூச்சு வேகமாக இழுத்தால், பால் குடிக்க மறுத்தால், கண் குழிவிழுந்து சோர்ந்தால், மழை விடட்டும் என்று பார்க்காதீர்கள்.

சலரோகம், பிறஷர் உள்ள பெரியவர்களுக்கு மறுபக்கம். மழைக்கு வெளியே போகாமல் இருந்து பொரியலும் தேத்தண்ணியுமாக இருந்தால் நிறை ஏறும். ஆறு தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி வீதம் போட்டால் 12 தேக்கரண்டி, ஏறத்தாழ 50 கிராம் சீனி. சீனியை விட்டு, வெறுந் தேத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போட்டுக் குடியுங்கள். மழை விட்ட நேரம் நடவுங்கள். மருந்தை நிறுத்தாதீர்கள்.

கடைசியாகத் தாய்மாருக்கு. முகாமிலும் வரிசையில் நின்று வாங்கி, எல்லோருக்கும் போட்டு, பானையைச் சுரண்டியவர்கள் நீங்கள். இங்கேயும் அதுதான் நடக்கிறது. சிலருக்குக் கூதலிலும் பசி வராததற்குக் காரணம் வயிற்றில் இல்லை. யாருக்குச் சோறு போட்டுப் பழகினீர்களோ அவர் இல்லாத கோப்பை கண் முன்னால் நிற்கிறது. அது வெட்கப்படுகிற விஷயமில்லை. சாப்பாடும் நித்திரையும் கிழமைக்கணக்கில் இல்லையென்றால் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். தனிய இருக்கிறவர்கள் பக்கத்துக் கொட்டிலோடு சேர்ந்து சமையுங்கள். கூட இருந்து சாப்பிட்டால் இரண்டு வாய் கூட இறங்கும்.

அடுத்த நிறை பார்க்கிற நாளில் பிள்ளையோடு நீங்களும் தராசில் ஏற வேண்டும். காத்திருப்பேன்.